சேர்வர் எழும்பாவிட்டால் 'வை' அழுத்த அவசரப்படாதீர்கள்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல் நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததே காரணம் என்று அமைச்சர் சொன்னார், ஊரெல்லாம் சிரித்தது. சிரிக்காமல் இருந்தவர்கள் சேர்வர் வைத்திருந்தவர்கள். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அது இதைவிடத் தேவலை என்பேன். அப்போது பிரதேச வாரியாக நேர அட்டவணை இருந்தது. கரண்ட் போகுமுன் சேர்வரை ஒழுங்காக நிறுத்தி வைக்கலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் போகும் கரண்ட்தான் டிஸ்க்கைத் தின்கிறது.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் பக்கம் கடைக்கணக்குக்கும் பாமசிக்கும் டியூஷன் வகுப்புக்கும் லினக்ஸ் சேர்வர் ஓட்டுகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். டெர்மினல் பழக்கம் உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்வேன். 'டேஷ்' என்றால் கழித்தல் குறி.

முதல் வேலை, திரையைப் போனில் படம் எடுப்பது. இரண்டாவது வேலை, றீசெட் பட்டனில் இருந்து கையை எடுப்பது. "இன்னொருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்க காக்கா" என்று பக்கத்தில் நிற்கிறவர் சொல்வார். கேட்க வேண்டாம். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு ஒவ்வொரு பூட்டும் ஒரு அடி.

இனி எடுத்த படத்தை வாசியுங்கள். றூட் பைல் சிஸ்டம் பிழை என்று என்னிடம் வருகிறவற்றில் நிறைய அந்தப் பிழையே இல்லை.

திரையில் ஒன்றரை நிமிடம் 'ஸ்டார்ட் ஜொப் இஸ் ரன்னிங்' என்று ஓடி, பிறகு 'எமர்ஜென்சி மோட்' என்று நின்றால், பெரும்பாலும் றூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எஃப்எஸ்டாப் பைலில் எழுதி வைத்த வேறு ஏதோ டிஸ்க் காணாமல் போயிருக்கிறது. பெக்கப் எடுக்கிற யூஎஸ்பி டிறைவை அங்கே எழுதிவிட்டு, அதை வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். அந்த வரியில் 'நோஃபெயில்' என்று சேர்த்தால் கதை முடிந்தது. றூட் கணக்கு பூட்டியிருக்கிறது, உள்ளே விட முடியாது என்று உபுண்டு அடம் பிடித்தால், லைவ் யூஎஸ்பியில் எழுப்பி அந்தப் பைலைத் திருத்துங்கள்.

'கேர்னல் பானிக்' என்று வந்து, 'அன்னோன் பிளொக்' பக்கத்தில் அடைப்புக்குள் இரண்டு பூச்சியம் இருந்தால், கேர்னல் டிஸ்க்கையே காணவில்லை என்று பொருள். அப்டேட் ஓடும்போது கரண்ட் போயிருக்கும், அல்லது பூட் பார்ட்டிஷன் நிரம்பி இனிட்ராம்எஃப்எஸ் பைல் அரைகுறையாக எழுதப்பட்டிருக்கும். கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்' போய்ப் பழைய கேர்னலில் எழுப்புங்கள். எழும்பிய பிறகு பூட் பார்ட்டிஷனில் இடம் எடுத்து, 'டிபிகேஜி டேஷ்டேஷ்கொன்ஃபிகர் டேஷ் ஏ', அதன்பின் 'அப்டேட்டேஷ்இனிட்ராம்எஃப்எஸ் டேஷ் யூ டேஷ் கே ஓல்' (கடைசிச் சொல் 'எல்லாம்' என்பதன் ஆங்கிலம்), முடிவில் 'அப்டேட்டேஷ்கிரப்'. இங்கே எஃப்எஸ்சிகேக்கு வேலையே இல்லை.

'யூயூஐடி டஸ் நொட் எக்ஸிஸ்ட்' என்று வந்து இனிட்ராம்எஃப்எஸ் அடைப்புக்குறியில் நின்றால், 'பிஎல்கேஐடி' என்று தட்டிப் பாருங்கள். டிஸ்க் பட்டியலில் உண்டு, எண் மட்டும் வேறு என்றால், யாரோ டிஸ்க்கை மாற்றியிருக்கிறார்கள் அல்லது புதிதாக ஃபோர்மட் செய்திருக்கிறார்கள்; கிரப்பிலும் எஃப்எஸ்டாப்பிலும் எண்ணைத் திருத்த வேண்டியதுதான். டிஸ்க்கே பட்டியலில் இல்லை என்றால் பெட்டியைத் திறந்து சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் கழற்றி மாட்டுங்கள். கடற்கரை ஊரில் இதைச் சிரிப்பாக எடுக்கக் கூடாது. உப்புக்காற்று கொனெக்டரில் பச்சை பிடிக்க வைக்கும், வெளியில் பார்த்தால் தெரியாது. புதுக் கேபிள் போட்டே பாருங்கள், பழையதைத் துடைத்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

மிச்சம் இருப்பதுதான் உண்மையான நோய்: 'அன்எக்ஸ்பெக்டட் இன்கன்சிஸ்டென்சி, ரன் எஃப்எஸ்சிகே மானுவலி'. சறுக்குவது இங்கேதான். திரையே கட்டளையைச் சொல்லித் தருகிறதே என்று 'எஃப்எஸ்சிகே டேஷ் வை' தட்டுகிறார்கள். எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' என்று முன்கூட்டியே கையெழுத்துப் போடும் கட்டளை அது. டிஸ்க் நலமாக இருந்து, கரண்ட் போனதால் மட்டும் குழம்பியிருந்தால், பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகும். டிஸ்க்கே பழுதானால் நிலைமை வேறு. வாசிக்க முடியாத ஒவ்வொரு இடத்தையும் 'இங்கே ஒன்றும் இல்லை' என்று எஃப்எஸ்சிகே முடிவு கட்டி, நல்ல டிரெக்டரிகளையும் அறுத்துவிட்டுப் போகும். அதன் வேலை பைல் சிஸ்டத்தை முரண் இல்லாமல் ஆக்குவது. உங்கள் கணக்குப் பைலைக் காப்பது அதன் வேலை இல்லை.

ஆகவே என் சட்டம்: டிஸ்க்கைச் சோதிக்காமல் எஃப்எஸ்சிகே கிடையாது. இனிட்ராம்எஃப்எஸ்சில் நின்றபடி 'டிஎம்எஸ்ஜி' தட்டி, 'ஐஓ எர்ரர்', 'யூஎன்சி', 'ஃபெயில்ட் கொமாண்ட்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். மேலும் பார்க்க வேண்டிய ஸ்மார்ட்சிடிஎல் அந்தச் சின்ன ஷெல்லில் இராது. அதனால்தான் சிஸ்டம்ரெஸ்க்யூ போட்ட ஒரு பென் டிறைவ் எப்போதும் மேசை லாச்சியில் கிடக்க வேண்டும் என்கிறேன். சேர்வர் விழுந்த பிறகு அதை டவுன்லோட் செய்ய ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடும்.

சிஸ்டம்ரெஸ்க்யூவில் எழுப்பி, 'ஸ்மார்ட்சிடிஎல் டேஷ் ஏ' என்று தட்டி, பின்னால் டிஸ்க்கின் பெயரைக் கொடுங்கள். நீண்ட பட்டியல் வரும். நான் பார்ப்பது மூன்று வரி. ஐந்தாம் எண் றீஅலொகேட்டட் செக்டர், 197ஆம் எண் பெண்டிங் செக்டர். இரண்டிலும் கடைசி நிரலில் பூச்சியம் இருந்தால் நல்லது. 197இல் பூச்சியத்துக்கு மேல் எது இருந்தாலும் இந்த டிஸ்க்கில் எழுதக் கூடாது. 199ஆம் எண் கேபிள் பிழைக் கணக்கு. அது பழையதையும் சேர்த்தே காட்டும், குறையாது. எண்ணைக் குறித்து வைத்து, கேபிளை மாற்றி, கொஞ்சம் வாசிக்க விட்டுத் திரும்பப் பாருங்கள். ஏறினால் இன்னும் பாதையில்தான் கோளாறு. என்விஎம்ஈ டிஸ்க்கில் இந்த எண்கள் வராது. 'கிரிட்டிக்கல் வோர்னிங்', 'மீடியா எர்ரர்ஸ்' என்ற இரண்டும் பூச்சியமா என்று பாருங்கள். மலிவான எஸ்எஸ்டி என்றால் நல்ல எண்களையும் நான் முழுதாக நம்புவதில்லை. கரண்ட் போகும்போது கையில் இருப்பதை எழுதி முடிக்க வேண்டிய கெப்பாசிட்டர்கள் வீட்டுப் பாவனை டிஸ்க்குகளில் பொதுவாகக் கிடையாது.

டிஸ்க் சந்தேகம் என்றால் முதலில் பிரதி. மூல டிஸ்க்கைவிடப் பெரிய வெற்று டிஸ்க் வேண்டும். 'டிடிரெஸ்க்யூ டேஷ் என்', பிறகு மூல டிஸ்க், பிறகு பிரதி போகும் பைல், கடைசியாக மேப் பைல். வரிசை முக்கியம். மூலமும் போகும் இடமும் மாறக் கூடாது. தட்டிய பிறகு என்டரை அழுத்துமுன் பக்கத்தில் நிற்கிற தம்பியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். மேப் பைல் இருந்தால் இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் ஊரில் அதுதான் இந்தக் கருவியின் பெரிய நன்மை. முதல் சுற்று முடிந்ததும் 'டேஷ் என்'ஐ எடுத்து 'டேஷ் ஆர்3' போட்டு இரண்டாம் சுற்று. பிறகு பழுதான டிஸ்க்கைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டு, பிரதிப் பைலை 'லோசெட்டப் டேஷ் எஃப்' (அதோடு ஒட்டிப் பெரிய எழுத்து 'பி') கொண்டு மாட்டி, வைத்தியத்தை அதில் செய்யுங்கள். கழற்றாமல் விட்டால் எல்விஎம் ஒரே அடையாளத்தில் இரண்டு டிஸ்க்கைப் பார்த்துக் குழம்பும்.

எல்விஎம் என்றதும் இன்னொரு பள்ளம். உபுண்டு சேர்வரைக் கேட்டதெல்லாம் 'ஓகே' கொடுத்து நிறுவினால் றூட் எல்விஎம்முக்குள் இருக்கும். அதைக் கவனிக்காமல் எஸ்டிஏ3க்கு ஈ2எஃப்எஸ்சிகே ஓட்டினால் 'பேட் மேஜிக் நம்பர் இன் சூப்பர்பிளொக்' என்று வரும், 32768இல் உள்ள மாற்றுச் சூப்பர்பிளொக்கைப் பாவிக்கச் சொல்லி யோசனையும் வரும். சூப்பர்பிளொக் போய்விட்டது என்று பதறி அதன்படி செய்யாதீர்கள். சூப்பர்பிளொக் பத்திரமாக இருக்கிறது, நீங்கள் தட்டியது வேறு வீட்டுக் கதவை. 'எல்விஎம் விஜிசேஞ்ச் டேஷ் ஏவை' தட்டினால் டெவ் மேப்பருக்குள் உண்மையான றூட் தோன்றும். 'பிஎல்கேஐடி' காட்டும் வகை ஈஎக்ஸ்டி4 என்று இருக்கும் பெயருக்குத்தான் எஃப்எஸ்சிகே. உண்மையிலேயே சூப்பர்பிளொக் போயிருந்தால் மட்டும் அந்த 32768. அதுவும் சரிவராவிட்டால் 98304.

இப்போது வைத்தியம். மவுண்ட் ஆகியிருக்கும் பைல் சிஸ்டத்தில் ஓட்டக் கூடாது என்பது தெரிந்ததே. முதலில் 'ஈ2எஃப்எஸ்சிகே டேஷ் எஃப் டேஷ் என்'. இது வாசிக்க மட்டும் செய்யும், எதையும் தொடாது. ஜேர்னலை மீட்காமல் பார்ப்பதால் பிழைகளைக் கொஞ்சம் பெருப்பித்தே காட்டும், மிரள வேண்டாம். அடுத்தது 'டேஷ் எஃப் டேஷ் பி': ஆபத்தில்லாதவற்றைத் தானே திருத்தி, ஆபத்தானது வந்தால் நின்றுவிடும். முக்கால்வாசி இதோடு சரியாகும். நின்றால் 'டேஷ் இசட்' போட்டு வேறொரு டிஸ்க்கில் ஒரு அண்டூ பைலின் பெயரைக் கொடுத்து, கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் 'ஈ2அண்டூ' கொண்டு பழைய நிலைக்குப் போகலாம். இப்படி ஒரு வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது.

கேள்விகளில் 'ஃப்ரீ பிளொக்ஸ் கவுண்ட் றோங்', 'ஓர்ஃபன்ட் ஐநோட்' போன்றவற்றுக்கு யோசிக்காமல் 'ஆம்' கொடுக்கலாம். 'மல்டிப்ளி கிளெய்ம்ட் பிளொக்ஸ்' வந்தாலோ, றூட் ஐநோட் டிரெக்டரியே இல்லை என்று சொன்னாலோ கையை எடுங்கள். பிரதி எடுக்காதவர் அங்கே திரும்பிப் போய் எடுக்க வேண்டும். அதில்தான் வருடக் கணக்கு இருக்கிறது என்றால், இரவு பஸ்ஸில் டிஸ்க்கைக் கொழும்புக்கு அனுப்பித் தரவு மீட்பவர்களிடம் கொடுப்பதே லாபம்.

ரெட்ஹெட் வழி வந்த சேர்வர்களில் எக்ஸ்எஃப்எஸ் இருக்கும். அங்கே எஃப்எஸ்சிகே சும்மா தலையாட்டிவிட்டுப் போகும். லைவ் யூஎஸ்பியில் ஒருமுறை மவுண்ட் செய்து, கழற்றி, 'எக்ஸ்எஃப்எஸ் அண்டர்ஸ்கோர் ரிப்பேர்' ஓட்டுங்கள். மவுண்ட் ஆகும்போதுதான் லொக் மீள்கிறது. பெரிய எழுத்து 'டேஷ் எல்' அந்த லொக்கை அழித்துவிடும், வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

எழும்பியதும் 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்லிக் கடையைத் திறந்துவிடாதீர்கள். லொஸ்ட் அண்ட் ஃபவுண்ட் டிரெக்டரியில் எண் பெயரோடு கிடப்பவற்றை 'ஃபைல்' கட்டளையால் பாருங்கள். 'டிபிகேஜி டேஷ் வி' (பெரிய எழுத்து) எந்த சிஸ்டம் பைல் மாறியிருக்கிறது என்று சொல்லும். மைஎஸ்க்யூஎல் இருந்தால் 'மைஎஸ்க்யூஎல்செக்' ஓட்டி, நேற்றைய கடைசி பில் உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

தடுக்கிற வேலை மூன்று. பயோஸில் 'கரண்ட் வந்ததும் தானாக எழும்பு' என்ற அமைப்பை ஓஃப் செய்யுங்கள். நம் பக்கம் கரண்ட் வரும்போது வந்து வந்து போகும். எஃப்எஸ்சிகே நடுவில் திரும்பப் போனால் குழப்பம் இரட்டிப்பு. பெக்கப்பை அதே கட்டடத்தில், அதுவும் மெயின் றோட்டுக்குக் கிழக்கே, கடல் பக்கம் வைக்காதீர்கள். 2004 டிசம்பர் 26இல் சுனாமித் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று மருதமுனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சம்மாந்துறையில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு டிஸ்க் இருக்கட்டும்.

மூன்றாவது யூபிஎஸ். வாங்குகிறோம், அதோடு வரும் யூஎஸ்பி கேபிளைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுகிறோம். அந்தக் கேபிள் இல்லாவிட்டால் பற்றரி தீர்ந்ததும் சேர்வர் விழும், சற்றுத் தாமதமாக, அவ்வளவுதான். கேபிளை மாட்டி, நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் போட்டு, பற்றரி இறங்கியதும் தானாக நிறுத்தச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை பூட்டும் நேரத்தில் சுவர் சுவிட்சை ஓஃப் செய்து சோதியுங்கள். சேர்வர் தானாக ஒழுங்காக நிற்காமல் பற்றரி முந்திக்கொண்டால் அன்றைக்கே புதுப் பற்றரி வாங்குங்கள்.