தொப்புளைச் சுற்றி வலிக்குதா?

பள்ளிக்குக் கிளம்பும்போது மட்டும் ‘வயிறு வலிக்குது’ என்றால், நடிப்பு என்று முடிவுகட்டாதீர்கள். பல குழந்தைகளுக்குக் காரணம் மலச்சிக்கல். தினமும் போகிற பிள்ளைக்கும் அது இருக்கலாம். உருண்டை உருண்டையாக, முக்கி முக்கிப் போகிறதா என்று பாருங்கள். சாப்பிட்ட கையோடு 5 முதல் 10 நிமிடம் உட்கார வையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்கக் கூடாது, அடியில் ஒரு முக்காலி. பால் நாளுக்கு அரை லிட்டர் போதும் (பாட்டி கோபிப்பார், பரவாயில்லை). கொய்யா, பப்பாளி, கீரை, தண்ணீர் கூடட்டும். விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

எடை குறைந்தாலோ, வலி தூக்கத்தைக் கலைத்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு நகர்ந்தால், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் வந்தால் அன்றைக்கே ஓடுங்கள்.