சேர்வராயன் மலைச்சரிவுகளில் பேயெள்ளு சாகுபடி

சேர்வராயன் மலையில் ஆழமான மண்ணும் நிழலும் வாய்த்த இடங்களைக் காப்பியும் மிளகும் பற்றிக்கொண்டன. கல்லாங்குத்தான சரிவுகள் சாமைக்கும் கேழ்வரகுக்கும் விடப்பட்டன. அவற்றிலும் மண் மெலிந்த துண்டுகளுக்குப் பேயெள்ளு ஏற்ற பயிராகும். எள் என்று பெயர் பெற்றிருப்பினும் இஃது எள்ளினத்தைச் சேர்ந்ததன்று. சூரியகாந்திக்கும் சாமந்திக்கும் உறவான ஓராண்டுச் செடி. எத்தியோப்பிய மேட்டுநிலத்துக் காட்டுச் செடியொன்றிலிருந்து தோன்றி, பன்னெடுங்காலத்திற்கு முன்னரே இந்நாட்டிற்கு வந்து சேர்ந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் இதனை உச்செள்ளு என்பர். பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் ‘பையூர் 1’ என்னும் வகை அப்பகுதிகளுக்கென்றே வெளியிடப்பட்டது.

ஆவணி, புரட்டாசி மாதங்களில் ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும். விதை சிறிதாகையால் மணலுடன் கலந்து, சரிவுக்குக் குறுக்காக ஓரடி இடைவெளியுள்ள சால்களில் மேலாக விதைத்தல் வேண்டும். மேலிருந்து கீழாகச் சால் பிடித்தால் ஐப்பசி மழை மண்ணையும் விதையையும் ஒருங்கே அடித்துச் செல்லும்.

இப்பயிருக்குப் பெரும்பகை, அம்மையார் கூந்தல் எனப்படும் மஞ்சள் நூல் போன்ற ஒட்டுண்ணிக் கொடியினமே. இலையும் வேருமின்றிப் பயிரைச் சுற்றிச் சாற்றை உறிஞ்சி, வயல் முழுவதையும் பாழாக்கும். இதன் வித்து பெரும்பாலும் பேயெள்ளு விதையோடு கலந்தே வருகிறது. மண்ணில் விழுந்தால் பத்தாண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். சந்தையில் மலிவாகக் கிடைத்த ஒரு படி விதையால் ஒரு தலைமுறைக்கு நிலம் கெடக்கூடும் என்பதைக் கிராம அலுவலர்கள் குடியானவர்களுக்கு எடுத்துரைத்தல் நலம். பேயெள்ளு நீண்டு கறுத்திருக்கும். பகை வித்தோ உருண்டையாய்ச் சிறுத்திருக்கும். எனவே 1 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையால் சலித்துக் கீழே விழுவதைத் தீயிலிடுதல் வேண்டும். குப்பையில் கொட்டினால் எருவோடு வயலுக்கே திரும்பிவிடும். வயலில் கொடி தென்பட்டால், அது பூப்பதற்கு முன் பற்றிய செடியோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். கொடி மிகுந்த நிலத்தில் சில ஆண்டுகள் சாமையோ கேழ்வரகோ பயிரிடலாம். புல்லினத் தானியங்களை அது பற்றுவதில்லை.

ஒரு செடியின் மகரந்தம் அதே செடியில் மணி பிடிக்கச் செய்யாது. ஆகவே தேனீ வாராத வயலில் பூ நிறைந்திருந்தும் பதரே மிகும். பூக்கும் நாளில் பூச்சிமருந்து தெளித்தல் தன் விளைச்சலைத் தானே அழிப்பதாகும். வயலோரம் இரண்டொரு தேன்பெட்டிகள் வைப்போர்க்குத் தேனும் கிடைக்கும். மாடுகள் இச்செடியை விரும்பித் தின்பதில்லை. ஆகையால் கேழ்வரகுக் கொல்லையின் ஓரத்திலும் விதைக்கலாம்.

விதைத்து மூன்று மூன்றரை மாதத்தில் பூத்தலைகள் பழுப்பேறும். முற்றக் காயவிட்டால் மணி உதிர்ந்துவிடும். சற்று முன்னரே அறுத்துக் களத்தில் உலர்த்தி அடித்தல் வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்கு 100 முதல் 200 கிலோ வரை காணலாம். இது பெருவிளைச்சலன்று; ஆயினும் செலவும் சொற்பமே. வித்தில் நூற்றுக்கு 35 முதல் 40 பங்கு எண்ணெய் உண்டு. சமையலுக்கு ஏற்றதாயினும் விரைவில் சிக்கு நாற்றம் பற்றுமாதலின், வித்தை உலர்த்தி வைத்துக்கொண்டு தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக ஆட்டுதல் வேண்டும். பிண்ணாக்கு கறவை மாடுகளுக்கு நல்ல தீவனம்.