சூரியன் தள்ளிப் போவதால் குளிருமா?

ஜூலை பிறந்தால் போதும், அந்த வாட்ஸ்அப் செய்தி தவறாமல் வந்துவிடுகிறது. நாளை முதல் ‘அஃபீலியன்’. சூரியனுக்கும் பூமிக்கும் இடையே 9 கோடி கிலோமீட்டராக இருந்த தூரம் 15 கோடியாகிவிடும். ஆகஸ்ட் வரை கடுங்குளிர், சளி, காய்ச்சல், உடம்புவலி. பட்டம் வாங்கியவர்களும் பாடம் நடத்துகிறவர்களும்கூட இதை அனுப்புவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் கணக்கு. சூரியனின் சராசரித் தூரம் மைலில் 9.3 கோடி, கிலோமீட்டரில் 15 கோடி. இரண்டும் ஒரே தூரம்! அலகைக்கூடப் பார்க்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பூமி தாவுவதாக எழுதிவிட்டார்கள். உண்மையில் ஜனவரித் தொடக்கத்தில் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 15.2 கோடி; பூமி சூரியனிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் இந்த நிலைதான் அஃபீலியன். வித்தியாசம் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல். வந்துசேரும் வெயிலில் ஏழு சதவீதம்போலக் குறையும். அதுவும் ஒரே நாளில் அல்ல, ஆறு மாதத்தில் மெல்ல மெல்ல.

தூரம்தான் காரணம் என்றால் சூரியன் மிக அருகில் இருக்கும் மார்கழியில் சென்னை வெந்திருக்க வேண்டாமா? அப்போதுதானே போர்வை தேடுகிறோம்! வெயிலின் பலத்தை முடிவு செய்வது கதிர் விழும் சாய்வு. ஒரு மீட்டர் குச்சியை நட்டுப் பாருங்கள். ஜனவரி முதல் வாரத்தில் சென்னையில் உச்சிவேளை நிழல் வடக்கே 70 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். ஜூலை முதல் வாரத்தில் தெற்கே 17 சென்டிமீட்டர்தான். கதிர் ஏறக்குறையச் செங்குத்தாக விழுகிறது, பகலும் நீள்கிறது. அந்த ஏழு சதவீதம் இதற்கு முன்னால் எடுபடாது. பூமி முழுவதற்கும் சராசரி எடுத்தாலும் ஜனவரியைவிட ஜூலைதான் சூடு. நிலப்பரப்பு வடபாதியில் அதிகம்; நிலம் சீக்கிரம் காயும், கடல் காயாது.

“கோயம்புத்தூரில் குளிருகிறதே” என்பார்கள். குளிரத்தான் செய்யும். ராஜஸ்தானையும் சிந்துவையும் சுற்றியுள்ள பாலை கோடை முழுக்கக் காய்கிறது. அங்கே காற்று லேசாகி மேலெழ, அழுத்தம் குறைகிறது. அதே நேரம் தென் இந்தியப் பெருங்கடலில் குளிர்காலம், அழுத்தம் அதிகம். அங்கிருந்து புறப்படும் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டும்போது பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் திரும்பித் தென்மேற்குப் பருவக்காற்றாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கேரளத்தில் கொட்டுகிறது, குற்றாலத்தில் சாரலாகிறது, பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டுக்குள் வீசுகிறது. ஆடியில் அம்மியைப் பறக்கவிடும் காற்று இதுதான். சூரியன் விலகியதால் வந்த குளிர்ச்சியல்ல. வடக்கே சூரியன் காய்ச்சியதால் வந்த குளிர்ச்சி. நிலமும் கடலும் ஒன்றுபோல் சூடாகாததே பருவக்காற்றின் வேர் என்று எட்மண்ட் ஹாலி 1686லேயே எழுதினார். பூமியின் சுழற்சி காற்றைத் திருப்புவதை 1735இல் ஜார்ஜ் ஹாட்லி சேர்த்தார். இத்தனை காலம் கழித்தும் பொய்யை அனுப்பிக்கொண்டிருப்பது வெட்கக்கேடு. ஆபத்தும்கூட: பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ‘அஃபீலியன்’ என்று கஷாயம் கொடுத்து உட்கார்ந்திருக்காதீர்கள். டெங்கு காத்திருக்காது.

அக்னி நட்சத்திரம் முடிந்ததும் வெயில் தணியும் என்பதும் நம்பத்தக்கதல்ல. 2003இல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது அக்னி முடிந்த பிறகு, மே மாதக் கடைசியில். தரையிலிருந்து வீசும் மேல்காற்று பலமாக இருந்து கடல்காற்று உள்ளே வராவிட்டால், சென்னை ஜூனிலும் தகிக்கும்.

இன்னொரு நம்பிக்கை: காற்றாலைகள் மழையை விரட்டுகின்றனவா? இல்லை. காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் மழை குறைவாக இருப்பது மலையின் மறைவால். அந்த மறைவு காற்றாலைகளுக்கு முன்பே அங்கே இருந்தது.

ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு குச்சி நட வேண்டும் என்று தலைமையாசிரியர்களைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன். ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் சென்னையில் உச்சிவேளை நிழல் மறையும். தெற்கே உள்ள ஊர்களில் ஏப்ரலில் அதற்கு முன்பும் ஆகஸ்டில் அதற்குப் பின்பும் மறையும். வாரம் ஒரு நாள் பிள்ளைகள் நிழலை அளந்து, அன்றைய வெப்பநிலையையும் காற்று வந்த திசையையும் பக்கத்தில் எழுதட்டும். குச்சி, அளவுகோல், நோட்டு, ஒரு வெப்பமானி போதும். இந்த ஆடியிலேயே தொடங்கலாம்.