எஜமானுக்காகவே செத்தார்களா சாமுராய்கள்?

நம்பிக்கை: ஒருமுறை வாக்குக் கொடுத்துவிட்டால் சாமுராய் சாகும்வரை கட்சி மாற மாட்டான்.

உண்மை: 1467-இல் ஓனின் போர் மூண்டது முதல் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஜப்பான் உள்நாட்டுப் போர்களில் உழன்றது. அக்காலத்துச் சாமுராய்க்கு நிலம்தான் பிழைப்பு. பரம்பரை நிலத்துக்குப் பாதுகாப்புத் தந்து, வெற்றி பெற்றால் கூடுதல் நிலமும் தரும் தலைவனுக்கு அவன் ஆள் திரட்டிக்கொண்டு போவான். தலைவன் கைவிட்டால் வேறிடம் பார்ப்பான். டோடோ டகடோரா, அசாய் குடும்பத்தில் சாதாரண வீரராகத் தொடங்கிப் பல எஜமான்களிடம் இருந்தவர். கடைசியில், பின்னாளில் ஜப்பானையே ஆண்ட டோக்குகாவா இயெயாசுவின் நம்பிக்கைக்குரியவராகி, ட்சு கோட்டைக்கே அதிபதியானார்.

இரண்டு பெரும்படைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட குறுநிலத் தலைவர்களின் பாடு இன்னும் கடினம். சனாடா மசயுகியைப் பாருங்கள். 1582-இல் அவருடைய எஜமானர்களான டகேடா குடும்பம் அழிந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் ஓடா, ஹோஜோ, டோக்குகாவா, உயெசுகி ஆகிய பெருங்குடும்பங்கள் ஒவ்வொன்றின் பக்கமாகச் சாய்ந்தார். துரோகி என்று முத்திரை குத்துவது எளிது. ஆனால் டோக்குகாவாவிடமிருந்து அவர் ஏன் விலகினார்? ஹோஜோவுடன் சமாதானம் பேசிய இயெயாசு, அதற்கு விலையாக மசயுகியின் நுமாடா நிலத்தைத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். தான் போராடிப் பிடித்த மண்ணை மசயுகி விட மறுத்தார். தன் படையைவிடப் பல மடங்கு பெரிய டோக்குகாவா படையை 1585-இல் உயேடா கோட்டையில் முறியடித்தார். முதலில் பேச்சை மீறியது யார் என்று கேட்டால், நான் மசயுகி பக்கம்தான் நிற்பேன்.

1600-இல் இயெயாசுவுக்கும் அவருடைய எதிரிகளுக்கும் இடையே செகிகஹாரா போர் வந்தபோது சனாடா குடும்பமே இரண்டாகப் பிரிந்தது. மூத்த மகன் நொபுயுகி, இயெயாசுவின் தளபதி ஹோண்டா டடகட்சுவின் மருமகன். இளையவர் நொபுஷிகே, எதிரணித் தளபதி ஓடானி யோஷிட்சுகுவின் மருமகன். மூத்தவர் வென்ற இயெயாசு பக்கமும், தந்தையும் இளையவரும் தோற்ற பக்கமும் நின்றார்கள். மூத்தவர் மன்றாடியதால் இருவரும் உயிர் பிழைத்து, குடோயாமா என்ற ஊருக்கு வெளியேற்றப்பட்டார்கள். நொபுயுகியின் வம்சம் மெய்ஜி காலம் வரை தன் பகுதியின் ஆட்சியில் இருந்தது.

நம்பிக்கை: எஜமான் சொன்னதே சட்டம், கீழே இருப்பவன் வாய் திறக்க மாட்டான்.

உண்மை: 1557-இல் அகி மாகாணத் தலைவர்கள் 12 பேர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தங்கள் ஆட்கள் கொள்ளை, அட்டூழியத்தில் இறங்கினால் கொல்லப்படுவார்கள், அனுமதியின்றிப் பாசறையை விட்டுப் போகக் கூடாது என்பவை அதன் விதிகள். கையெழுத்துகள் வரிசையாக இல்லை. விரித்த குடையின் கம்பிகளைப் போல வட்டமாகச் சுற்றி எழுதப்பட்டிருக்கின்றன. முதல்வர், கடைசி ஆள் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த வட்டத்தில் ஒருவர் மோரி மொட்டோநாரி. பெரும் ஓஉச்சி குடும்பத்தையே அதே ஆண்டில் வீழ்த்திய அவரும் அண்டை அயலாருடன் சமமாகத்தான் கையெழுத்திட வேண்டியிருந்தது.

நம்பிக்கை: சாமுராய் வேறு, உழவன் வேறு.

உண்மை: அந்தப் பிரிவு பிற்காலத்தது. ஷிகோகு தீவின் சோசோகாபே படையில் பலர் வயலில் உழுதவர்களே. ஈட்டியையும் கவசத்தையும் வரப்பில் வைத்துவிட்டு வேலை செய்வார்கள். அழைப்பு வந்தால் அப்படியே கிளம்புவார்கள். உழவர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்க, அப்போது ஜப்பானின் பெரும்பகுதியை ஆண்ட ஹிதெயோஷி ஆணையிட்டது 1588-இல்தான்.

சாவைத் தேடி ஓடும் விசுவாசி என்ற படம் பெரிதும் ‘ஹகாகுரே’ போன்ற நூல்களிலிருந்து வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதிலுள்ள கருத்துகளைச் சொன்ன யமமோட்டோ சுனேடோமோ, போரே இல்லாத காலத்தில் பிறந்து வளர்ந்தவர். நிட்டோபே இனாசோவின் ‘புஷிடோ’ 1900-இல் மேலைநாட்டு வாசகர்களுக்காக ஆங்கிலத்தில் வெளிவந்தது. இவற்றை வாசியுங்கள், தவறில்லை. ஆனால் மசயுகியையும் டகடோராவையும் இவற்றைக் கொண்டு எடைபோடாதீர்கள்.