பழைய ஸ்பீக்கரும் உத்தரவாதமும்

கேள்வி: கச்சேரிகள் கேட்பதற்காகப் பழைய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை வாங்க உத்தேசித்திருக்கிறேன். கம்பெனியின் உத்தரவாதம் எனக்குச் செல்லுபடியாகுமா? எத்தனை காலம் உழைக்கும்?
– ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: உத்தரவாதம் என்பது பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கே உரிய பாத்தியதையாதலால், அசல் ரசீது கைக்கு வந்தாலுங்கூட, அது தங்களுக்கும் தொடருமா என்பதைக் கம்பெனியின் நிபந்தனைகளைப் படித்து நிச்சயித்துக்கொள்வதே உசிதம். வயதான சாதனத்துக்கோ, உத்தரவாதக் காலமே பெரும்பாலும் முடிந்திருக்குமாதலால், அந்த விசாரமே அநாவசியம். ஆராய வேண்டியது அதன் தேக நிலையைத்தான். கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு நுரையாலானதாக இருப்பின், மயிலாப்பூர், அடையாறு முதலிய பிரதேசங்களின் ஈரக் கடற்காற்றில், உபயோகிக்காமல் பத்திரமாக மூடி வைத்திருந்த போதிலும், 10 முதல் 15 ஆண்டுகளில் அது பொடிந்து உதிர்ந்துவிடக் கூடும். ரப்பர் விளிம்பு அதனினும் நெடுங்காலம் நிலைக்கும். முன்வலையைக் கழற்றி, விரல்களால் கூம்பைச் சமமாக மெல்ல அழுத்துங்கள். உராயும் சப்தம் கேட்டால், உள்ளிருக்கும் கம்பிச்சுருள் மையம் பிசகிவிட்டதென்று அர்த்தம். 8 ஓம் என்று குறித்திருக்கும் ஸ்பீக்கர், மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரில் ஏறத்தாழ 6 ஓம் காட்ட வேண்டும். பிறகு, தாங்கள் நன்கு பழகிய கச்சேரி ஒன்றை ஒலிக்கவிட்டு, மிருதங்கத்தின் தொப்பி நாதம் இரு பெட்டிகளிலும் ஒரே கம்பீரத்துடன் எழுகிறதா என்று நிதானமாகக் கேளுங்கள். சென்னை ரிச்சி தெருக் கடையில் வாங்கினாலும் சரி, தனி மனிதரிடம் வாங்கினாலும் சரி, சில தினங்களுக்குள் பழுது கண்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுத்தில் பெறாமல் பணம் கொடுக்காதீர்கள்.