மீண்டும் மீண்டும் இளகும் வீல் நட்டு

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது எமது முன்னோர் வாக்கு. இன்று மாட்டுவண்டிலில் போவோர் குறைவு. வானும் காரும் முச்சக்கர வண்டியும் அதன் இடத்துக்கு வந்துவிட்டன. அச்சாணிக்குப் பதிலாகச் சில்லைக் காப்பவை நாலைந்து வீல் நட்டுகள். இந்த இதழில் அவற்றைப் பற்றிப் படிப்போம்.

1990இலும், 1995 ஒக்ரோபர் இறுதியில் நடந்த வலிகாமம் இடப்பெயர்விலும் காணியை விட்டு வந்த குடும்பங்களில் பல, கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தங்கின. இங்கே கொத்துவதற்கு மண் இல்லை. நகையை விற்றுப் பழைய வான் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டுவது சிலருக்குப் பிழைப்பாயிற்று. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆகவே இருபது, முப்பது வருடம் ஓடிய வாகனங்களைப் பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய உதிரிப்பாகங்களைக் கொண்டே பலர் ஓட்டி வருகிறார்கள். இத்தகைய வாகனங்களில் அடிக்கடி காணும் பிழைகளில் ஒன்று, இறுக்கிய வீல் நட்டு மறுபடியும் இளகுவது.

ஒரு வான், அதை நம்பி ஒரு வீடு, அதற்குள் பத்துப் பன்னிரண்டு பயணிகள். சில்லு கழன்றால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

மண்வெட்டிப் பிடி கற்பிப்பது

மண்வெட்டியின் பிடி ஆடினால் நாம் ஆப்பு அடிக்கிறோம். மறுநாளும் ஆடினால் இன்னொரு ஆப்பு. மூன்றாம் நாளும் ஆடினால் தோட்டக்காரர் ஆப்பைத் தேடமாட்டார். மண்வெட்டியைக் கழற்றி, கண் அகன்றுவிட்டதா, பிடி உக்கிவிட்டதா, உள்ளே மண் நிற்கிறதா என்று பார்ப்பார்.

வீல் நட்டுக்கும் இதுவே சட்டம். ஒரு தடவை இளகினால் இறுக்கலாம். மறுபடியும் இளகினால் அதற்கு ஒரு காரணம் உண்டு. சில்லைக் கழற்றி அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை வாகனத்தை வாடகைக்கு அனுப்பக் கூடாது.

நட்டு எப்படிச் சில்லைப் பிடிக்கிறது?

ஸ்டட் என்னும் புரியாணிகளில் சில்லு தொங்கிக்கொண்டு நிற்கிறது என்றே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் நட்டை இறுக்கும்போது ஸ்டட் சிறிது நீளுகிறது. நீண்ட ஸ்டட் பழைய நீளத்துக்குத் திரும்ப முயன்று, சில்லை ஹப்போடு சேர்த்து அழுத்துகிறது. 12 மில்லிமீற்றர் ஸ்டட் ஒன்று சரியாக இறுகினால் அந்த அழுத்தம் ஏறக்குறைய 4 தொன். அறுபது மூடை நெல்லின் பாரம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த அழுத்தத்தால் வரும் உராய்வே சில்லை அசையாமல் பிடிக்கிறது.

இங்கே ஒன்றை நன்றாக மனதில் இருத்த வேண்டும். 4 தொன் அழுத்தத்தைத் தரும் அந்த ஸ்டட் நீளுவது ஒரு தலைமயிரின் தடிப்பளவே. ஹப்புக்கும் சில்லுக்கும் இடையே அதே தடிப்பில் துருவோ பெயின்ரோ இருந்து, ஓட்டத்தில் அது நசிந்து உதிர்ந்தால் ஸ்டட்டின் இழுவை முழுவதும் போய்விடும். நட்டு ஒரு சுற்றும் சுற்றவில்லை; ஆனாலும் பிடி இல்லை. அதன்பின் சில்லு ஹப்பின் மேல் வழுக்கி அசையத் தொடங்கும். அந்த அசைவே நட்டைக் கழற்றுகிறது.

இளகுவதற்கான காரணங்கள்

1. துருவும் அழுக்கும்: வெள்ளவத்தையில் கடற்காற்று, மழைக்காலத்தில் சேற்று நீர். ஹப்பின் முகத்திலும் சில்லின் பின்முகத்திலும் துரு படைபடையாக ஏறும். பழைய சில்லுக்குத் தடிப்பாகப் பெயின்ற் அடித்துப் பூட்டினாலும் இதே பிழை வரும். நட்டு அமரும் குழியில் பெயின்ற் இருக்கவே கூடாது.

2. பொருந்தாத நட்டு: நட்டின் அடிப்பாகம் மூன்று வகைப்படும். கூம்பு வடிவம், பந்து போன்ற உருண்டை வடிவம், வொஷருடன் கூடிய தட்டை வடிவம். சாதாரண இரும்புச் சில்லுகளில் பெரும்பாலும் கூம்பு நட்டு. ஹொண்டாவின் சொந்தச் சில்லுகளுக்கு உருண்டை நட்டு. ரொயோட்டாவின் பழைய அலோய் சில்லுகள் பலவற்றுக்கு வொஷருடன் கூடிய தட்டை நட்டு. இரும்புச் சில்லைக் கழற்றி அலோய் சில்லைப் பூட்டியவர், பழைய நட்டுகளையே பாவித்தால் அவை ஓரத்தில் மட்டும் தொட்டு நிற்கும். கையில் இறுக்கம் தெரியும்; பத்துக் கிலோமீற்றரில் இளகும்.

3. புரி மாறிய நட்டு: ரொயோட்டா, ஹொண்டா, மிற்சுபிசி கார்களில் பொதுவாக 12 மில்லிமீற்றருக்கு 1.5 புரி. நிசான், சுசுக்கி கார்களில் பொதுவாக 1.25 புரி. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஒன்றை மற்றதில் பலவந்தமாக ஏற்றினால் புரி கடிபட்டு நிற்கும். அந்த நிற்றலை இறுக்கம் என்று ஏமாறுவோம். மொறிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலக் கார்களில் அங்குலப் புரி. ஆகவே பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய நட்டு ஒன்றையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

4. இழுபட்ட ஸ்டட்: மிதமிஞ்சி இறுக்கிய ஸ்டட், அறுந்த இறப்பர்போல் மீளும் தன்மையை இழந்துவிடும். நட்டைக் கையால் ஏற்றும்போது நடுவழியில் இறுகினால், அல்லது புரிகளின் இடைவெளி ஓரிடத்தில் அகன்றிருந்தால் அந்த ஸ்டட் முடிந்தது. சாதாரண இரும்பில் கடைந்த ஸ்டட்டும் இப்படியே இழுபடும்.

5. அகன்ற துளை: இளகிய நட்டோடு ஓடிய சில்லில் துளைகள் முட்டை வடிவமாகும். அத்தகைய சில்லை எந்த நட்டாலும் காப்பாற்ற முடியாது. அதைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட வேண்டும். இன்னொருவருக்கு விற்கக் கூடாது.

6. இடைத்தகடு: சில்லை வெளியே தள்ளுவதற்காகச் சிலர் இடையில் தகடு வைக்கிறார்கள். அதனால் நட்டுக்குக் கிடைக்கும் புரி குறைகிறது. 1.5 புரியில் குறைந்தது 8 சுற்றும், 1.25 புரியில் 10 சுற்றும் நட்டு ஏற வேண்டும். எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இடது பக்கச் சில்லைக் கூடுதலாகக் கவனிக்கவும். பிரித்தானியாவில் பாரவாகனங்களை ஆராய்ந்தவர்கள், கழன்ற சில்லுகளில் பெரும்பாலானவை இடது பக்கத்தவை எனக் கண்டார்கள். அங்கும் எம்மைப்போல் வீதியின் இடது பக்கத்திலேயே ஓடுகிறார்கள். சைக்கிளின் இடது மிதியில் இடம்புரி இருப்பதை அறிவீர்கள். சில பழைய லொறிகளிலும் இடது பக்கச் சில்லுக்கு இடம்புரி உண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்துக்கு லொறி ஓட்டுவோர் நட்டைத் திருப்பமுன் ஸ்டட்டின் நுனியைப் பார்ப்பது நல்லது.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

ஒவ்வொரு வாகனத்துக்கும் அதன் கைநூலில் ஓர் அளவு உண்டு. ரொயோட்டா கார்கள் பலவற்றுக்கு 103 நியூட்டன்-மீற்றர், அதாவது 10.5 கிலோகிராம்-மீற்றர். இதை அளக்கும் முறுக்களவு ஸ்பனரின் விலை ஒரு குடும்பத்துக்குப் பாரமாக இருக்கலாம். ஒரே ஒழுங்கையில் நாலைந்து வாகனக் குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பொதுவில் வைத்திருக்கலாம்.

அதுவும் இல்லையென்றால் மூடை நிறுக்கும் சுருள்வில் தராசு உதவும். நியூட்டன்-மீற்றர் எண்ணை 3 ஆல் பிரியுங்கள். வருவது, ஓர் அடி நீளக் கைபிடியின் நுனியில் இழுக்க வேண்டிய கிலோ. 103ஐ 3 ஆல் பிரித்தால் ஏறக்குறைய 34 கிலோ. கைபிடி இரண்டு அடியானால் அதில் பாதி, 17 கிலோ. நட்டின் நடுவிலிருந்து அளந்து, அந்த இடத்தில் தராசைக் கொழுவி, கைபிடிக்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். சில தடவை இப்படிச் செய்தால் அந்த இறுக்கம் எப்படி இருக்கும் என்று கைக்குப் பழகிவிடும்.

இரண்டு அடிக் குழாயைச் செருகி அதன்மேல் ஏறி மிதிப்பவர்களைப் பார்த்திருப்போம். 60 கிலோ ஆள் ஒருவர் அப்படி ஏறி நின்றால் வேண்டிய இறுக்கத்தில் மூன்று மடங்குக்கும் மேல் விழுகிறது. அன்று இழுபட்ட ஸ்டட் அடுத்த மாதம் இளகும், அல்லது முறியும்.

பூட்டும் முறை

1. வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிறேக்கை இழுத்து, மற்றைய சில்லுகளுக்குக் கல் அணை கொடுக்கவும்.

2. நட்டுகளைச் சிறிது இளக்கியபின் ஜக்கில் தூக்கி, சில்லைக் கழற்றவும். தூக்கிய வாகனத்தின் கீழே கைகாலை நீட்ட வேண்டாம்.

3. ஹப்பின் முகம், சில்லின் பின்முகம், நட்டு அமரும் குழிகள் ஆகியவற்றைக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை தேய்க்கவும்.

4. ஸ்டட்டின் புரியைத் துடைத்து உலர விடவும். வாகனத்தின் கைநூல் சொன்னாலொழிய எண்ணெயோ கிறீசோ பூச வேண்டாம். எண்ணெய் பூசிய புரியில் அதே பலத்துக்கு ஸ்டட் கூடுதலாக இழுபடும்.

5. எல்லா நட்டையும் முதலில் கைவிரலால் ஏற்றவும். விரலுக்கு ஏறாத நட்டு அந்த ஸ்டட்டுக்கு உரியதல்ல.

6. நாலு நட்டானால் எதிரெதிராக, ஐந்தானால் ஒன்றுவிட்டு ஒன்றாக நட்சத்திரம் கீறுவதுபோல் இறுக்கவும். முதற் சுற்றில் பாதி இறுக்கம். சில்லைத் தரையில் இறக்கியபின் இரண்டாம் சுற்றில் முழு இறுக்கம்.

7. 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி சோதிக்கவும். வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். புத்தளம் பாதையால் போவோர் சிலாபத்தில் தேநீருக்கு நிறுத்தும்போது இதைச் செய்யலாம்; ஐந்து நிமிட வேலை.

கராஜில் காற்று இயந்திரத்தால் ஒரே மூச்சில் இறுக்குவார்கள். “பாஸ், மெசினாலை முழுக்க இறுக்காதேங்கோ. கடைசி இறுக்கு கையாலை இறுக்குவம்” என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. வாகனம் எங்களுடையது, அதில் ஏறுபவர்கள் எங்களை நம்பி ஏறுகிறார்கள்.

ஓட்டத்தில் தெரியும் அடையாளங்கள்

மெதுவாக ஓடும்போது சில்லுப் பக்கமிருந்து டிக், டிக் என்ற சத்தம். சுக்கான் கையில் நடுக்கம். நட்டிலிருந்து வெளிநோக்கி ஓடும் துருக்கோடு. நட்டைச் சுற்றிப் பெயின்ற் போய் மினுங்கும் வளையம். இவற்றில் ஒன்று கண்டாலும் வீதியோரம் ஒதுக்கி நிறுத்தவும். எல்லா நட்டையும் இறுக்கி, மெதுவாக அருகிலுள்ள கராஜுக்குப் போகவும். ஒரு ஸ்டட் முறிந்திருந்தால் அதன் இரு பக்கத்து ஸ்டட்டுகளையும் சேர்த்து மாற்றவும். இரண்டு முறிந்திருந்தாலோ, சில்லு இளகியபடி ஓடியிருந்தாலோ எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

துருக்கோட்டையும் மினுங்கும் வளையத்தையும் பார்ப்பதற்கு ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. காலையில் வாகனம் புறப்படமுன் வீட்டில் யாராவது ஒருவர் நாலு சில்லையும் சுற்றிப் பார்ப்பதை வழக்கமாக்கலாம்.

செய்யக் கூடாதவை

நட்டை ஒட்டுப்பசையால் ஒட்டுவது, நட்டின் கீழ் பொருந்தாத வொஷர் வைப்பது, நட்டைக் கம்பியால் கட்டுவது, ஸ்டட்டோடு சேர்த்து வெல்டிங் பண்ணுவது ஆகியவை பிழையை மறைக்குமேயன்றித் தீர்க்கமாட்டா. காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் நெற்றியில் ஈரத்துணி போடுவது போன்றது இது. ஐந்து நட்டில் ஒன்று குறைந்த நிலையில் “இண்டைக்கு மட்டும்” என்று ஓடுவதும் வேண்டாம்.

கூடிப் படிப்பதற்கு

1. உங்கள் வாகனத்தின் நட்டு எந்த வடிவம்? சில்லின் குழியும் அதே வடிவமா?

2. கைநூலில் உள்ள இறுக்க அளவைக் கண்டு, 3 ஆல் பிரித்து, எத்தனை கிலோ என்று கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டுங்கள்.

3. நட்டு எத்தனை சுற்றில் ஏறுகிறது என்று எண்ணுங்கள்.

4. உங்கள் ஒழுங்கையில் பொதுவாக ஒரு முறுக்களவு ஸ்பனர் வாங்க யார் யார் சேர்வார்கள்? அதை யாருடைய வீட்டில் வைப்பது?

ஊரில் உழவு இயந்திரம் வைத்திருந்தவர்கள் சேற்றில் இறங்கமுன் நட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தை இங்கும் தொடர்வோம்.