கோல் அடிக்காத நாயகர்

குழுச் செயல்பாட்டில் விடை சொன்னவரே பாராட்டுப் பெறுகிறார்; அதற்கு வழிகாட்டியவர் மறைந்துவிடுகிறார். இதை மாணவர்களுக்கு உணர்த்த, நான் ஸ்டான்லி மேத்யூஸைப் பற்றிச் சொல்வேன். இங்கிலாந்தின் புகழ்பெற்ற விங்கர் அவர். வலது ஓரமாகப் பந்தைக் கொண்டுசென்று, கோல் அடிக்க நிற்பவருக்குத் தருவதே அவர் பணி.

1953 எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டியில் போல்டனிடம் 1-3 எனப் பின்தங்கிய பிளாக்பூல், 4-3 என வென்றது. மூன்று கோல்கள் மார்டென்சன் அடித்தவை. கடைசிக் கோல் பெர்ரியுடையது. அதற்குப் பந்து தந்தவர் 38 வயது மேத்யூஸ். அவர் ஒரு கோலும் அடிக்கவில்லை. ஆயினும் அது ‘மேத்யூஸ் இறுதிப்போட்டி’ என்றே அழைக்கப்படுகிறது. ஏன் என மாணவர்கள் விவாதிக்கட்டும்.

அடுத்த குழுச் செயல்பாட்டின் முடிவில், தமக்கு உதவியவர் பெயரை ஒவ்வொருவரும் எழுதட்டும். வளரறி மதிப்பீட்டில் அதையும் கருத்தில் கொள்ளுங்கள்.